கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்

ஒரு கேள்வி. கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூட வேலையை நீங்கள் செய்து கொடுத்ததுண்டா? தெர்மோகோலில் வீடு, அட்டையில் கல்லணை, இந்திய வரைபடத்தில் நெல்லும் கடுகும் ஒட்டுவது... இப்படி ஏதாவது ஒன்று? ராத்திரி பதினோரு மணிக்கு, "நீ போய்த் தூங்கு கண்ணா, அம்மா பார்த்துக்கறேன்" என்று?

உண்டு என்றால் வெட்கப்படாதீர்கள். நானும் உங்கள் கட்சிதான். போதாததற்கு, நான் அந்தப் பக்கமும் இருந்தவள். ஏழாம் வகுப்பில் எங்களுக்குத் தையல் பாடம் உண்டு. ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், காம்புத் தையல் மூன்றும் போட்டு, மூலையில் ஒரு பூ வைக்க வேண்டும். என் பூ, பஸ் ஸ்டாண்டில் மிதிபட்ட பூ மாதிரி இருந்தது. அம்மா பார்த்தாள். ராத்திரியோடு ராத்திரியாக என் தையலைப் பிரித்துவிட்டுத் தானே போட்டு வைத்துவிட்டாள். பத்துக்கு ஒன்பது மார்க். டீச்சர் கைக்குட்டையைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதற்கப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல், பட்டன் தைப்பதைத் தவிர வேறு எதற்கும் நான் ஊசியைத் தொடவில்லை. அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு என் மேல் ஆசை. ஆனால் அந்தக் கைக்குட்டையிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: 'எனக்குத் தையல் வராது.'

* * *

2013-ல் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போனேன். ஓஹையோ மாநிலம். இந்த மாதிரி போய்வந்த அம்மாக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குழந்தை தூங்கினால் வீடே தூங்கும். மாப்பிள்ளை ஆபீஸ் போய்விடுவார். கார் ஓட்டத் தெரியாத நமக்கு ஜன்னல்தான் கதி. நடந்து போகிற தூரத்தில் ஒரு துணிக்கடை இருந்தது. நம் ஊர் ஜவுளிக்கடை இல்லை, ஒட்டுத் துணி விரிப்பு தைப்பவர்களுக்கென்றே பருத்தித் துணியைக் கெஜக்கணக்கில் விற்கிற கடை. வாசலில் ஒரு பலகை: 'புதிதாகக் கற்பவர்களுக்கு க்வில்ட் வகுப்பு. நான்கு செவ்வாய்க்கிழமைகள்.'

மகளே போய்ப் பணம் கட்டிவிட்டு வந்தாள். "போய்ட்டு வாம்மா. வீட்ல இருந்தா நீ கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிட்டிருப்பே."

க்வில்ட் என்றால் என்ன? மேலே, சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒட்டுத் துணி. அடியில் ஒரு முழுத் துணி. நடுவில் மெல்லிசாகப் பஞ்சு. மூன்றையும் ஊடுருவித் தைத்து ஒன்றாக்கினால் க்வில்ட். வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டு, 'காந்தா' என்று செய்கிறார்கள். வட கர்நாடகத்தில் பழந்துணி ஒட்டி 'கௌதி' தைக்கிறார்கள். என் பாட்டி பெயரெல்லாம் வைக்காமல், நைந்த நூல் புடவையை நாலாக மடித்துத் தைத்துப் பிறந்த குழந்தைக்கு விரிப்பாகப் போடுவாள். பாட்டியிடம் சும்மா கற்றிருக்க வேண்டியதை, டாலர் கொடுத்து ஓஹையோவில் கற்றுக்கொண்டேன். நம்மில் பலர் கதை இதுதானே!

டீச்சருக்கு எழுபது வயது இருக்கும். வகுப்பில் நாங்கள் ஏழு பேர். முதல் நாளே ஒருத்தி, "என் மகள் கட்டிலுக்குப் பெரிய க்வில்ட்டாகவே செய்துவிடுகிறேனே" என்றாள். டீச்சர் மறுக்கவில்லை. கணக்குப் போட்டுக் காட்டினார். 90 அங்குல அகலம், 96 அங்குல நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு அங்குலக் கட்டமாகச் செய்தால் 240 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்பது துண்டு. ஆக 2,160 துண்டுகள். "முப்பதாவது கட்டத்தில் அலுத்துவிடும். அப்புறம் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுவீர்கள்" என்றார்.

அப்படி ஏற்றி வைத்தவற்றுக்கு அங்கே செல்லப்பெயரே உண்டு: யு.எஃப்.ஓ. பறக்கும் தட்டு இல்லை. 'அன்ஃபினிஷ்ட் ஆப்ஜெக்ட்', அதாவது முடிக்காத சாமான். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வீட்டில் மட்டும் குறைச்சலா? பாதியில் நின்ற இந்திப் பரீட்சை, மூணாவது கீர்த்தனையோடு உறை போட்ட வீணை, ஜனவரி 10-ந் தேதியோடு நின்ற டைரி.

அதனால்தான் புதியவர்களுக்குச் சின்ன வேலை. அதுவும் பருவத்தை ஒட்டிய வேலை. அப்போது அக்டோபர். மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக இலை உதிர்க்கும் காலம். அந்த நிறங்களில் துணி எடுத்து, சாப்பாட்டு மேஜையின் நடுவில் போடுகிற நீள விரிப்பு ஒன்று. வெறும் ஐந்து கட்டம். அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. "பருவம் உங்களுக்காகக் காத்திருக்காது. அதனால் முடித்தே ஆக வேண்டும். நாலு வாரம் மேஜையில் கிடக்கும், அப்புறம் மடித்து வைப்பீர்கள். அடுத்த வருஷம் எடுத்துப் பார்க்கும்போது உங்கள் பழைய தையலைப் பார்த்து நீங்களே சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பு வந்தால் நீங்கள் வளர்ந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்."

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தினமும் கண்ணில் படுகிற பொருளைப் பார்த்து நாம் வளர்ந்தோமா இல்லையா என்று தெரியாது. வருஷத்துக்கு ஒரு முறை வெளியே வருகிற பொருள்தான் சாட்சி சொல்லும். நம் வீட்டில் கொலு பொம்மை இல்லையா? அது மாதிரி.

* * *

அந்த டீச்சரிடம் ஒரு விநோதப் பழக்கம். வகுப்பைச் சுற்றி வரும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வருவார். தலைமையாசிரியர் தோரணை போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். இரண்டாவது வாரம்தான் காரணம் புரிந்தது.

க்வில்ட்டில் தையல் விளிம்பிலிருந்து சரியாகக் கால் அங்குலம் உள்ளே விழ வேண்டும். இரண்டரை அங்குலச் சதுரத்தில் இரு பக்கமும் கால் கால் அங்குலம் தையலுக்குப் போனால், மிஞ்சுவது இரண்டு அங்குலம். மூன்று சேர்ந்தால் ஆறு. கணக்கு சுத்தம். ஆனால் ஒவ்வொரு தையலிலும் ஒரு வீசம், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாக உள்ளே போய்விட்டால்? சேர்கிற இரண்டு துண்டிலும் அது குறையும். அப்போது ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் நஷ்டம். எட்டுத் தையலில் முழுசாக ஓர் அங்குலம் காணாமல் போகும். சின்னப் பொய் மாதிரிதான். ஒன்று சொன்னால் தெரியாது. எட்டு சொன்னால் துணி காட்டிக்கொடுத்துவிடும்.

என் மூன்றாவது கட்டத்தில் அதுதான் நடந்தது. நாலு துண்டின் மூலைகள் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டிய இடத்தில், ஒன்று வடக்கே பார்த்தது, ஒன்று தெற்கே பார்த்தது. நான் துணியை டீச்சர் பக்கம் தள்ளினேன். ஏழாம் வகுப்பில் அம்மா பக்கம் தள்ளிய அதே தள்ளல்தான்.

அவர் கையை எடுக்கவே இல்லை. குனிந்து பார்த்தார். "நீங்கள் என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். "மூலை சேரலை." "ஆமாம், சேரவில்லை. எந்தத் தையலால் என்று கண்டுபிடிக்க முடிகிறதா?" நான் அளவுகோலை வைத்துத் தேடினேன். ஐந்து நிமிஷம் ஆனது. கண்டுபிடித்தேன். அப்புறம் அவர் கேட்டதுதான் முக்கியம். "பிரிக்கணுமா, இருக்கட்டுமா? துணி உங்களோடது. நீங்கதான் சொல்லணும்."

எப்படித் திருத்துவது என்று கேட்டால், தன்னிடமிருக்கும் துண்டுத் துணியில் தைத்துக் காட்டுவார். எத்தனை தடவை கேட்டாலும் காட்டுவார். ஆனால் நம் துணியைத் தொட மாட்டார். "ஆஹா, பிரமாதம்" என்று பொய்யும் சொல்ல மாட்டார். கோணலைக் கோணல் என்றே சொல்வார். நான் ஒரு கட்டத்தைப் பிரித்தேன். இன்னொன்றை அப்படியே விட்டேன்.

பக்கத்து மிஷின்காரி என்னைச் சமாதானப்படுத்த ஒரு கதை சொன்னாள். அங்கே ஆமிஷ் என்று ஒரு சமூகத்தார் உண்டு. கார் வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியில் போவார்கள். அவர்கள் 'கடவுள் ஒருவரே குறையில்லாதவர்' என்பதால், ஒவ்வொரு க்வில்ட்டிலும் வேண்டுமென்றே ஒரு தப்பு வைப்பார்களாம். 'அட, நம்ம திருஷ்டிப் பொட்டு!' என்று எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. டீச்சர் சிரித்தார். "அழகான கதை. ஆனால் இதையெல்லாம் ஆராய்ந்தவர்கள், ஆதாரம் இல்லை என்கிறார்கள். தவிர, வேண்டுமென்றே ஒரு தப்பு வைக்கணும் என்றால், மீதி எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நினைப்பு வேண்டுமே! நமக்கெல்லாம் தப்பு அழைக்காமலே வரும்."

நாலாவது செவ்வாய்க்கிழமை விரிப்பு முடிந்தது. என் வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு துணியைப் பார்த்து 'இது முழுக்க நான்' என்று சொல்ல முடிந்தது. இப்போதும் ஒவ்வொரு அக்டோபரிலும் மகள் அதை மேஜையில் விரித்துப் படம் அனுப்புகிறாள். மூன்றாவது கட்டம் இன்னும் வடக்கும் தெற்குமாகத்தான் பார்க்கிறது.

* * *

இதுவரை சொன்னது பெருமை. இனிமேல் சொல்லப்போவது, பல வருஷமாக நான் வெளியே சொல்லாதது.

சென்னைக்குத் திரும்பி வந்த பிறகு, 2016-ல் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே ஒரு வகுப்பு ஆரம்பித்தேன். சனிக்கிழமை மத்தியானம், அசோசியேஷன் ஹாலில், ஆறு பெண்கள். 'இந்த வெயிலில் எவளுக்குடி க்வில்ட்?' என்று கேலி பேசியவர்களும் உண்டு. நியாயம்தான். அதனால் போர்வை கிடையாது. ஆடிக்குச் சின்னப் பை. நவராத்திரிக்குத் தாம்பூலத் தட்டு வைக்கும் விரிப்பு. பொங்கலுக்குச் சூடான பாத்திரம் வைக்கிற மெத்துமெத்தென்ற சதுரம். நடுவில் வைக்கப் பஞ்சுக்குப் பதிலாகப் பழைய பருத்திப் போர்வையை வெட்டிக்கொண்டோம். நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தேன். எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

ஆறு பேரில் ஓர் அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவர். கணவர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதிகம் பேச மாட்டார். நவராத்திரி விரிப்புக்கு, கணவரின் இரண்டு அரைக்கைச் சட்டைகளையும் தன்னுடைய பழைய சுங்குடிப் புடவை ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்தார். கோடு போட்ட சட்டைத் துணியை வெட்டுவதற்கு முன்னால் ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நடுக்கட்டத்தில் அவருக்குத் தையல் ஓடிவிட்டது. சட்டைக் கோடு ஒரு பக்கம் சாய்ந்து, மூலை அரை அங்குலம் தள்ளி நின்றது. ஓஹையோ டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே கேட்டேன். "அக்கா, பிரிக்கணுமா, இருக்கட்டுமா?"

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இருக்கட்டும் டீச்சர்" என்றார்.

நவராத்திரி முதல் நாள், குடியிருப்புப் பொதுக்கொலுவில் ஆறு விரிப்புகளையும் வைப்பதாக ஏற்பாடு. இஸ்திரி போட வேண்டும் என்று எல்லாவற்றையும் முந்தின நாள் நான் வீட்டுக்கு வாங்கி வந்தேன். ராத்திரி பத்தரை மணி. ஐந்து விரிப்பு பளிச்சென்று இருக்க, ஆறாவதில் அந்த நடுக்கட்டம் மட்டும் கண்ணை உறுத்தியது. எல்லோரும் பார்ப்பார்களே, பாவம் அக்கா... தையல் பிரிக்கும் கருவியை எடுத்தேன். பத்து நிமிஷ வேலை. பிரித்து, நேர்செய்து, திரும்பத் தைத்து, இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன். என் அம்மா போலவே, நல்ல எண்ணத்தில்தான். ராத்திரியோடு ராத்திரியாகத்தான்.

மறுநாள் கொலுவில் எல்லோரும் அந்த விரிப்பைத்தான் புகழ்ந்தார்கள். "மாமி, உங்களுக்கா கை நடுங்கும்னு சொன்னீங்க?" என்றாள் ஒரு பெண். அக்கா விரிப்பை எடுத்தார். முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. நடுக்கட்டத்தின் விளிம்பை விரலால் நெருடிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க பிரிச்சீங்களா?"

"சும்மா... கொஞ்சம் நேர் பண்ணினேன்க்கா."

"ஓ" என்றார். அவ்வளவுதான். விரிப்பை வைத்துவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

விஜயதசமியெல்லாம் முடிந்த பிறகு நானே அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை என்றிருக்கும். நிதானமாகத்தான் சொன்னார்.

"கல்யாணமாகி வந்த புதுசுல நான் வெச்ச குழம்புல மாமியார் உப்பு போடுவாங்க. நான் எழுதின வீட்டுக் கணக்கை அவர் திரும்பக் கூட்டுவார். நான் போட்ட கோலத்தை மருமக 'கொஞ்சம் நகருங்கம்மா'ன்னு அழிச்சுட்டுப் போடுவா. யாரும் கெட்டவங்க இல்ல டீச்சர். எல்லாரும் எனக்கு உதவிதான் பண்ணாங்க. நீங்க அன்னிக்கு, 'பிரிக்கணுமா, இருக்கட்டுமா, நீங்களே சொல்லுங்க'ன்னு கேட்டீங்க பாருங்க... அப்படி யாரும் என்னைக் கேட்டதில்ல. அதான் 'இருக்கட்டும்'னேன்."

நான் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

* * *

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். எழாவிட்டால் நான் சரியாக எழுதவில்லை என்று அர்த்தம்.

'அப்படியானால் தப்பைத் திருத்தவே கூடாதா? ஆபரேஷன் செய்கிற டாக்டர் கோணலாகத் தைத்தால் "அது அவர் தையல்" என்று விடுவதா? பாலத்துக்குக் கணக்குப் போட்ட இன்ஜினீயர் வீசம் வீசமாகத் தவறவிட்டால்?'

விடக் கூடாது. உடனே தடுக்க வேண்டும். ஏனென்றால் அங்கே துணி அவருடையது இல்லை. தப்பின் விலையைக் கொடுக்கப்போவது வேறு ஒருவர். முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இது யார் துணி? கோணலால் யாருக்கு வலிக்கும்? பிறருக்கு வலிக்கும் என்றால் தலையிடுங்கள். செய்பவருக்கு மட்டும்தான், அதுவும் கொஞ்சம் வெட்கம் மட்டும்தான் என்றால், கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

'சொல்லிக் கொடுக்கிறவர் கையைப் பிடிக்காமல் எப்படி?' என்று இன்னொரு கேள்வி. விஜயதசமியன்று குழந்தையை மடியில் உட்காரவைத்து, விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதவைக்கிறோமே. அது தப்பா? தப்பே இல்லை. முதல் நாள் கையைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்குக்கூட எழுதுவது குழந்தையின் விரல்தான். நம் விரலால் எழுதிவிட்டு 'குழந்தை எழுதியது' என்று சொல்வதில்லை. பிடித்த கையை எந்த நாளில் விடுவது என்பதுதான் சொல்லிக் கொடுப்பவரின் முழு வித்தையும். பிள்ளைக்கு முப்பது வயதாகியும் விரலை விடாத பெற்றோரை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அப்படியென்றால் ஒன்றும் சொல்லாமல், 'சூப்பர், சூப்பர்' என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடலாமா? அதுவும் கூடாது. அது இன்னொரு வகை அலட்சியம். 'உனக்கு உண்மையைத் தாங்கும் சக்தி இல்லை' என்று முடிவு கட்டுவது. நாமே செய்து கொடுப்பதும், பொய்யாகப் பாராட்டுவதும் பார்க்க எதிரெதிராகத் தெரியும். இரண்டும் ஒரே அபிப்பிராயத்திலிருந்துதான் வருகின்றன: 'இவளால் ஆகாது.'

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. உண்மையைச் சொல்வது. தன் துணியில் செய்து காட்டுவது. முடிவை அவரிடம் விடுவது. பிறகு அந்த முடிவை மதிப்பது. நான் முதல் மூன்றையும் ஒழுங்காகச் செய்தேன். நாலாவதில் கோட்டை விட்டேன். கேட்டுவிட்டு மீறுவது, கேட்காமலே செய்வதைவிட மோசம்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவில் கீஸ் பெண்ட் என்றொரு கிராமம். அடிமைகளாகப் பருத்தி வயலில் உழைத்தவர்களின் வம்சத்தார் வாழும் ஊர். அந்த ஊர்ப் பெண்கள் குளிருக்காக, உழைத்துக் கிழிந்த உடுப்புகளை வெட்டிக் க்வில்ட் தைத்தார்கள். மிசூரி பெட்வே என்ற பெண், 1942-ல் கணவர் இறந்த பிறகு, அவருடைய வேலை உடுப்புகளைக் கொண்டே ஒரு க்வில்ட் தைத்தார். அவர் நினைவாகப் போர்த்திக்கொள்வதற்கு. அந்த ஊர் க்வில்ட்களில் பல கோடுகள் நேராக இருக்காது. கட்டம் சாயும், பட்டை வளையும். 2002-ல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் அவற்றைச் சுவரில் மாட்டினார்கள். பிறகு நியூயார்க்கிலும் மாட்டினார்கள். ஜனம் வாய்பிளந்து பார்த்தது. 2006-ல் அமெரிக்க அரசு அவற்றைத் தபால் தலையாகவே வெளியிட்டது.

1942-ல் என்னைப் போல ஒரு நல்ல மனசுக்காரி அந்த ஊருக்குப் போய், 'பாவம், கோணலாக இருக்கிறதே' என்று ராத்திரியோடு ராத்திரியாக நேர் பண்ணியிருந்தால்? இந்த நினைப்பு வந்த பிறகுதான் இன்னொன்றும் உறைத்தது. அந்தப் பெண்களின் வளைந்த கோடு தப்பே இல்லை. அது அவர்கள் வைத்த கோடு. என் அக்காவின் சாய்ந்த சட்டைக்கோடும் 'தப்பு' என்று யார் சொன்னது? என் அளவுகோல் சொன்னது.

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி நான் திருத்தியது அக்காவுக்காக இல்லை. 'பாவம் அக்கா' என்று நினைத்தது நிஜம். ஆனால் அதற்கு அடியில், பஞ்சு மாதிரி வெளியே தெரியாமல், இன்னொரு நினைப்பு இருந்தது. 'என் வகுப்பில் ஒரு கோணல் விரிப்பா? என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?' பிள்ளையின் கல்லணையை நாமே கட்டிக் கொடுக்கும்போதும் அடியில் இருப்பது இதுதானோ என்று சந்தேகப்படுகிறேன். மார்க் பிள்ளைக்கு, மானம் நமக்கு.

* * *

அன்று அவர் வீட்டிலிருந்து கிளம்பும்போது மன்னிப்புக் கேட்டேன். வெறும் வாயால் கேட்டது போதவில்லை. கைப்பையில் எடுத்துப் போயிருந்த தையல் பிரிக்கும் கருவியை அவர் கையில் கொடுத்தேன். "என் தையலைப் பிரிச்சுடுங்கக்கா. உங்களுது மாதிரியே திரும்ப வெச்சுடுங்க."

அடுத்த சனிக்கிழமை வந்தார். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து, நான் போட்டதை ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். திரும்ப மிஷினில் வைத்துத் தைத்தார். நான் ஹாலின் மறு கோடியில் நின்றுகொண்டேன். கை தானாகப் பின்னால் போயிருந்தது. முடித்ததும் விரித்துப் பார்த்தார். ஆறு மாதப் பழக்கம் ஆயிற்றே, கோடு கிட்டத்தட்ட நேராகவே விழுந்திருந்தது.

"என்ன டீச்சர் இது! எப்படிப் பண்ணினாலும் அந்தப் பழைய கோணல் வரமாட்டேங்குதே?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது மனசு கனத்துவிட்டது. கணவர் போன வருஷத்தில், நடுங்குகிற கையால், அவருடைய சட்டையில் ஒரு மனுஷி போட்ட தையல் அது. அந்தக் கை இப்போது தேறிவிட்டது. நல்லதுதான். ஆனால் எந்த இடத்திலிருந்து தேறியது என்று வருஷா வருஷம் சாட்சி சொல்ல வேண்டிய தையலை நான் குப்பைத்தொட்டியில் போட்டிருந்தேன். பிரித்த நூலைத் திரும்பக் கொடுக்க முடியாது.

அக்கா இன்றும் ஒவ்வொரு நவராத்திரிக்கும் அந்த விரிப்பை எடுக்கிறார். தாம்பூலத் தட்டை நடுக்கட்டத்தின் மேல் வைக்காமல் சற்றுத் தள்ளி வைக்கிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டில் யாராவது எதையாவது கோணலாகச் செய்துகொண்டிருக்கலாம். பிள்ளை படம் வரையலாம். அப்பா புதுசாகச் செல்போனில் செய்தி அனுப்பப் பழகலாம். கணவர் தோசை ஊற்றலாம். உங்கள் கை துறுதுறுக்கும். "தள்ளு, நான் பண்றேன்" என்று நாக்கு நுனி வரை வரும்.

கேட்டால் சொல்லிக் கொடுங்கள். இன்னொரு கரண்டி மாவில், இன்னொரு தாளில் செய்து காட்டுங்கள். அந்தத் தோசையை மட்டும் அவரே திருப்பட்டும். பிய்ந்தால், பிய்ந்த தோசையைச் சாப்பிடுங்கள்.